கந்தலும் கலையும்

ஒரு துணி. உழவன் ஒருவன் உடுத்திய துணி. அவன் வியர்வையை உறிஞ்சி, முழங்காலில் கிழிந்து, முதுகில் நைந்து, நிறம் மங்கிப்போன துணி. இனி உடுத்த உதவாது என்று ஒதுக்கப்பட்ட அதனை ஒரு பெண் எடுக்கிறாள். நைந்த இடத்தை நீக்குகிறாள். நல்ல இடத்தை வெட்டுகிறாள். துண்டோடு துண்டு சேர்த்து, ஊசியும் நூலும் கொண்டு ஒன்றாக்குகிறாள். அன்றிரவு அவள் பிள்ளைகள் அதைப் போர்த்திக்கொண்டு உறங்குகின்றனர். அதன் பெயர் போர்வை.

அறுபது ஆண்டுகள் கழிகின்றன. அதே துணி, மாநகர் ஒன்றின் அருங்காட்சியகத்தில், வெள்ளைச் சுவரில், விளக்கொளியில் தொங்குகிறது. கற்றவர் வருகின்றனர், கைகட்டி நின்று காண்கின்றனர், ஏடுகள் எழுதுகின்றன, செல்வர் விலை கேட்கின்றனர். இப்போது அதன் பெயர் கலை!

துணி மாறவில்லை. தையல் மாறவில்லை. ஒரு நூல்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. பின், மாறியது எது? நேற்று அதனைக் கந்தல் என்று சொன்னவர் யார்? இன்று அதனைக் கலை என்று சொல்பவர் யார்? அவ்விரு பெயர்களையும் சூட்டும் அதிகாரத்தை அவருக்கு அளித்தவர் யார்?

இது அழகைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. அறத்தைப் பற்றிய கேள்வி. பெயர் சூட்டும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே பெருமையும் பொருளும் போய்ச் சேர்கின்றன. உழைத்தவர் வெளியே நிற்கிறார். ஆகவேதான், பழந்துணியில் பிறந்து இன்று உலக அரங்கில் ஏறியிருக்கும் இந்தக் கலையைப் பகுத்தறிவு கொண்டு ஆராய வேண்டியவர்களாகிறோம்.

கோடு கிழித்தவர் யார்?

இலண்டன் மாநகரில் 1768ஆம் ஆண்டு அரச கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஓவியரும் சிற்பியரும் கட்டட வல்லுநரும் கூடிய கழகம். ஈராண்டுகள் கழிந்தன. 1770இல் அக்கழகம் ஒரு விதி செய்தது. ஊசிவேலை, செயற்கைப் பூ, வெட்டுத்தாள் வேலை, சிப்பி வேலை போன்றவற்றுக்குத் தன் கண்காட்சியில் இடமில்லை என்று அறிவித்தது. ஊசிவேலை தீட்டு, தூரிகை தூய்மை! ஊசி பிடித்த கைகள் பெரும்பாலும் எவருடையவை? பெண்களுடையவை. தூரிகை பிடித்த கைகள் பெரும்பாலும் எவருடையவை? சொல்லவும் வேண்டுமோ! கழகத்தைத் தோற்றுவித்த உறுப்பினருள் இரு பெண்கள் இருந்தனர் என்பது உண்மை. ஆனால் அவ்விருவருக்குப் பின் இன்னொரு பெண் முழு உறுப்பினராக அமர, 1936ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பழங்காலத்துப் பிற்போக்கு அது என்று தள்ளிவிடுவார் உண்டு. புதுமையின் கோட்டை என்று போற்றப்பட்ட பௌஹவுஸ் கலைப்பள்ளியைப் பாருங்கள். செருமனியில் 1919இல் தொடங்கியது. ஆணும் பெண்ணும் சமம் என்று அறிவித்தே தொடங்கியது. ஆயினும் சேர வந்த பெண்களில் பெரும்பாலோரை அது எங்கே அனுப்பியது? நெசவுக்கூடத்துக்கு. கட்டடம் ஆணுக்கு, நூல் பெண்ணுக்கு! அந்த நெசவுக்கூடத்துக்குள் தள்ளப்பட்டவர்களில் ஒருவர்தாம் ஆனி ஆல்பர்ஸ். 1949இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு நெசவுக் கலைஞருக்கென்று முதன்முதலாகத் தனிக் கண்காட்சி அமைத்தபோது, அது அவருக்காகவே அமைந்தது. தள்ளிவிடப்பட்ட மூலையிலேயே தலைநிமிர்ந்தார். ஆனால் ஒருவர் தலைநிமிர்ந்ததைக் காட்டி, மற்றவரைத் தள்ளியது சரி என்று வாதிடல் ஆகாது.

கலை வேறு, கைவினை வேறு என்று கிழிக்கப்பட்ட இந்தக் கோடு இயற்கை கிழித்த கோடு அன்று. மனிதர் கிழித்தது; அதிலும் மேலே நின்ற மனிதர் கிழித்தது. இந்தக் கோடு நமக்குப் புதிதா என்ன? கல்லைச் சிலையாக்கியவன் வெளியே நிற்க, உளி பிடித்தறியாதவன் உள்ளே நின்ற நாடன்றோ இது! தலையால் செய்வது உயர்வு, கையால் செய்வது தாழ்வு. ஏவுவது உயர்வு, செய்வது தாழ்வு. இங்கே அதற்கு வருணம் என்று பெயர். அங்கே அதற்கு அழகியல் என்று பெயர். பெயர்தான் வேறு, பிணி ஒன்றே.

“அப்படியன்று. கலை தன்பொருட்டே படைக்கப்படுவது. போர்வையோ குளிருக்குத் தைக்கப்படுவது. பயன் கருதிச் செய்யும் பொருள் எங்ஙனம் கலையாகும்?” என்று கேட்பர் சிலர். கேட்கட்டும். அரசன் தன் பெருமையை நாட்ட வரைவித்த உருவப்படம் பயன் கருதியது அன்றோ? வழிபாட்டுக்கு வார்த்த சிலை பயன் கருதியது அன்றோ? அவற்றைக் கலை என ஏற்ற நாவு, குழந்தையின் குளிரைப் போக்கும் போர்வை என்றதும் தயங்குவானேன்? அரசனின் பெருமைக்குப் பயன்பட்டால் கலை, ஏழைக் குழந்தையின் உடலுக்குப் பயன்பட்டால் கைவேலை! இதுவோ நீதி? உழைக்காமல் வாழ்ந்தவர் வகுத்த அளவுகோல் இது. பயனற்றிருப்பதே உயர்வின் அடையாளம் என்பது அவர் வாழ்வுக்குப் பொருந்தலாம், அழகுக்குப் பொருந்தாது.

ஆற்று வளைவில் ஓர் ஊர்

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மும்மருங்கும் வளைந்தோடும் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்றோர் ஊர் இருக்கிறது. 1816இல் அங்கே பருத்திப் பண்ணை அமைத்தவரின் பெயரே ஊர்ப்பெயரின் முற்பகுதி. பிற்காலத்தில் பண்ணையை அடைந்த பெட்வே என்பவரின் பெயர், அடிமைகளின் மேல் ஒட்டிக்கொண்டது. இன்றும் அவ்வூரார் பலரின் குடும்பப் பெயர் அதுவே. விடுதலை வந்தது, ஆனால் நிலம் வரவில்லை. அடிமை குத்தகையாளன் ஆனான். சங்கிலி கடன்சீட்டு ஆயிற்று. 1932இல் கடன் கொடுத்த வணிகர் இறந்தபின், அவர் குடும்பத்தார் கடனுக்கு ஈடாக மக்களின் மாடும் ஏரும் விதையும் வாரிக்கொண்டு போயினர். செஞ்சிலுவைச் சங்கம் அளித்த உணவு கொண்டு அவர்கள் உயிர் பிழைத்தனர்.

அந்த ஊர்ப் பெண்கள் தைத்தவை ஒட்டுப்போர்வைகள். துண்டுத் துணிகளை இணைத்து மேலடுக்கு, நடுவே பஞ்சு, கீழே மற்றொரு துணி, மூன்றும் பிரியாதிருக்க முழுவதும் ஓடும் தையல். ஆங்கிலத்தார் அதனைக் குவில்ட் என்பர். காற்றுப் புகும் மரக்குடிசைகளில், ஒரு படுக்கைக்குப் பல போர்வை தேவைப்பட்டது. புதுத்துணி வாங்க வழியில்லை. உழைத்துத் தேய்ந்த கால்சட்டை, கிழிந்த சட்டை, மாவுப்பை, பழைய பாவாடை ஆகியவையே வண்ணக் குழம்பு. ஆனால் பாருங்கள், அந்தத் துண்டுகளை அவர்கள் கண்டபடி ஒட்டவில்லை. சதுரத்துக்குள் சதுரமாக நடுவிலிருந்து விரியும் அமைப்புக்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயர். நீண்ட பட்டைகளை இணைக்கும் அமைப்புக்குச் ‘சோம்பேறிப் பெண்’ என்று பெயர். வழிவழி வந்த அமைப்பை விட்டு விலகித் தன் மனம் சொன்னபடி தைத்தவள், அதனை ‘என் வழி’ என்றாள். என் வழி! எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒருத்தியின் தன்மான முழக்கம் அன்றோ அச்சொல்!

1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண்மணி தைத்த போர்வை ஒன்று உண்டு. அவர் கணவர் இறந்தார். அவர் உழைத்த உடைகள் எஞ்சின. அவற்றைப் போர்வையாகத் தைத்துப் போர்த்திக்கொள்வேன், அவர் நினைவை அணைத்துக்கொள்வேன் என்று தாய் கருதியதை, உடனிருந்து உதவிய மகள் பிற்காலத்தில் எடுத்துரைத்தார். நீலமும் சாம்பலும் பழுப்பும் கலந்த அத்துணியில், முழங்கால் தேய்ந்த இடமும், சட்டைப்பை பிரிந்த இடத்தின் கருநிறமும் தெரிகின்றன. மன்னன் மனைவிக்குச் சலவைக்கல்லில் மாளிகை எழுப்பினான், உலகம் வியந்தது. உழவன் மனைவி கணவனின் கந்தலில் நினைவுச்சின்னம் எழுப்பினாள். உலகம் அறுபது ஆண்டுகள் அதை அறியவும் இல்லை. மாளிகையைக் கட்டியது மன்னன் கையும் அன்று. போர்வையைத் தைத்ததோ அவள் கையே!

1962இல் அவ்வூரார் வாக்குரிமை கேட்கத் தொடங்கினர். ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. அக்கரையில் கண்ணுக்கெதிரே இருந்த வட்டாரத் தலைநகருக்கு ஆற்றைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியதாயிற்று. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அங்கே வந்து உரையாற்றினார். வாக்குரிமை கேட்டதற்காக வீடும் வேலையும் இழந்தவர் பலர். 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் ‘விடுதலைத் தையற்குழு’ என்னும் பொருள்படும் பெயரில் கூட்டுறவு அமைத்துப் போர்வை தைத்து விற்றனர். நிறுத்தப்பட்ட படகு மீண்டும் ஓடியது எப்போது? 2006இல்! நாற்பத்து நான்கு ஆண்டுகள்!

இதற்கிடையில், 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் அப்போர்வைகளின் கண்காட்சி நடந்தது. அடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம். நியூயார்க் டைம்ஸ் இதழின் கலைத் திறனாய்வாளர் வியந்து எழுதினார்; மத்தீஸ், கிளே போன்ற ஐரோப்பிய ஓவியரோடு ஒப்பிட்டார். 2006இல் அப்போர்வைகளின் உருவம் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் ஏறியது.

மகிழ்கிறோம். ஆனால் ஒன்று கேட்போம். மத்தீஸ் போல் இருக்கிறது என்று புகழ்வதில் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. மத்தீஸைக் காண ஜீஸ் பெண்ட் பெண்களுக்கு வாய்ப்பு இருந்ததில்லை. அவர்கள் எவரையும் போல் இல்லை. அவர்களைப் போல் இருந்தார்கள். உயர்ந்தோரின் சாயல் இருப்பதால் உயர்வு என்பது பாராட்டு ஆகாது; பழைய படிக்கட்டில் ஒரு படி மேலே ஏற்றி வைப்பது மட்டுமே. படிக்கட்டே வேண்டா என்பது நம் வாதம்.

கந்தலைப் போற்றுவதா, கையைப் போற்றுவதா?

இங்கேதான் மிக நுண்ணிய ஏமாற்று ஒன்று நுழைகிறது. “ஆகா! வறுமை எத்தகைய அழகைப் படைத்திருக்கிறது! இல்லாமையே இக்கலையின் தாய்!” என்று உருகுவோர் இருக்கின்றனர். உருக்கம் இனிமையாக ஒலிக்கிறது, உள்ளே நஞ்சிருக்கிறது. வறுமை அழகின் தாய் என்றால், வறுமையை ஒழிப்பது அழகைக் கொல்வதாகும் அல்லவா? ஏழை ஏழையாகவே இருக்கட்டும், நாம் காண்பதற்கு ஏதேனும் தைத்துக்கொண்டிருக்கட்டும் என்பதன்றோ அதன் உட்பொருள்? கந்தையையும் கசக்கிக் கட்டு என்று ஏழைக்கு அறிவுரை சொன்ன நாட்டில், கந்தையைத் தந்தவன் யார் என்று கேட்கச் சொல்லித் தந்தவர் சிலரே. நாம் கேட்போம்.

வறுமைதான் படைத்தது என்றால், வறுமை வாட்டிய ஊர்தோறும் அத்தகைய போர்வைகள் பிறந்திருக்க வேண்டும், பிறக்கவில்லை. ஜீஸ் பெண்டில் படைத்தது எது? தாயிடம் மகள் கற்ற பயிற்சி. அண்டை வீட்டாள் தைத்ததைக் கண்டு அதனினும் நன்றாகத் தைக்க வேண்டும் என்ற போட்டி. வண்ணத்தோடு வண்ணம் எப்படிப் பேசும் என்று அறிந்த கண். அறிவும் பயிற்சியும் ஆர்வமும் படைத்தன. வறுமை செய்தது தடை ஒன்றே.

சான்று வேண்டுமா? 1972இல் ஒரு பெரிய வணிக நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்க அப்பெண்களின் கூட்டுறவுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. கார்டுராய் என்னும் தடித்த, வரிவரியான புதுத்துணி வந்தது. வெட்டி எஞ்சிய துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். நல்ல துணி, செழித்த நிறம். அத்துண்டுகளில் பிறந்த போர்வைகள் பழங்கந்தலில் பிறந்தவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. துணி நல்லதானதால் கலை கெட்டதா? இல்லையே! ஆனால் அதே காலத்தில் கடைகளுக்கென்று தைத்தபோது, ஒரே அளவு, ஒரே அமைப்பு, ஒன்றுபோல் நூறு என்பது கட்டளை. கூலி வந்தது, ‘என் வழி’ போயிற்று. கலையைக் கெடுப்பது நல்ல துணி அன்று, பிறர் கட்டளை.

மற்றொரு சான்று ஃபெயித் ரிங்கோல்ட். 1930இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிறந்து, 2024இல் மறைந்த கறுப்பினக் கலைஞர். நியூயார்க் நகரப் பள்ளிகளில் பல்லாண்டு ஓவியம் கற்பித்த ஆசிரியை. கல்லூரியில் எண்ணெய் ஓவியம் பயின்றவர். துணியைத் தவிர வேறு வழியில்லாமல் துணிக்கு வந்தவர் அல்லர். அவர் தாய் உடை வடிவமைப்பாளர். முன்னோருள் ஒருத்தி அடிமையாய் இருந்து போர்வை தைத்தவள். 1980இல் தாயோடு சேர்ந்து தம் முதல் ஒட்டுப்போர்வையைப் படைத்தார். பின்னர் ஓவியமும் எழுத்தும் தையலும் கலந்த கதைப்போர்வைகளைப் படைத்தார். தம் வாழ்க்கைக் கதையை வெளியிடப் பதிப்பகத்தார் முன்வராதபோது, துணியிலே எழுதிச் சுவரிலே தொங்கவிட்டார்! 1988இல் அவர் படைத்த ‘தார்க் கடற்கரை’, கோடையிரவில் மாடியில் படுத்து வானில் பறப்பதாகக் கனாக் காணும் சிறுமியின் கதை. அது குகன்ஹெய்ம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வறுமை அவரை ஊசி பிடிக்க வைக்கவில்லை; வரலாறு வைத்தது; விருப்பம் வைத்தது. ஆகவே, துணிக்கலைக்குப் பசி தேவையில்லை; உரிமை தேவை.

ஜப்பானின் வடபகுதியில் ‘போரோ’ எனப்படும் கந்தல்கள் உண்டு. குளிரால் பருத்தி விளையாத நாட்டில், தெற்கிலிருந்து கப்பலில் வந்த பழந்துணியை வாங்கி, ஒட்டின் மேல் ஒட்டாகத் தைத்துத் தலைமுறை தலைமுறையாக உழவர் உடுத்தியவை. நாடு செழித்தபின் மக்கள் அவற்றைக் காட்ட வெட்கினர். பிற்காலத்தில் சேகரிப்போர் தேடினர். இன்று அதே தோற்றத்தில் புதுத்துணியைக் கிழித்து, ஒட்டுப்போட்டு, உயர்ந்த விலைக்கு விற்கின்றனர். ஏழை வெட்கத்தோடு உடுத்தியதைச் செல்வன் பெருமையோடு உடுத்துகிறான். உழவனின் வெட்கத்துக்குக் காரணமான வறுமை தவறு. செல்வனின் பெருமைக்குக் காரணமான மறதியும் தவறு. கந்தலைக் கலையாக்கிய கையைப் போற்றுவோம், கந்தலைப் போற்றோம்!

சாக்குத் துணியில் சாட்சியம்

தென்னமெரிக்காவில் சிலி என்றொரு நாடு. அங்கே ‘அர்பில்லேரா’ என்றால் சாக்குத்துணி. அச்சாக்குத்துணியின் மேல் துண்டுத் துணிகளைத் தைத்துச் செய்யும் படத்துக்கும் அதுவே பெயர். நாட்டுப்பாடகி வியொலெத்தா பார்ரா நோயுற்றுப் படுத்திருந்த காலத்தில் சாக்கில் பின்னல் வேலை செய்யத் தொடங்கினார். 1964இல் பாரிசில், லூவர் அரண்மனையில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்.

1973 செப்டம்பர் 11. சிலியின் மக்களாட்சியைப் படை கவிழ்த்தது. பினோசே ஆட்சி ஏறினார். ஆயிரமாயிரவர் சிறைப்பட்டனர், பின்னாளில் அரசே அமைத்த ஆணையங்களின் கணக்குப்படி 3,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர். மகன் எங்கே என்று தாய் கேட்டாள். காவல் நிலையம் அறியோம் என்றது. சிறை அறியோம் என்றது. மன்றம் அறியோம் என்றது. அத்தாய்மார் சாந்தியாகோ நகரில் கூடினர். 1974 முதல் தையற்பட்டறைகள் எழுந்தன. 1976 முதல் நகரத் தலைமை ஆயரின் ‘ஒருமைப்பாட்டு அலுவலகம்’ துணை நின்றது. மதத்தைப் பற்றி நமக்குள்ள கருத்தை நாம் மறைப்பதில்லை; அந்நாளில் அடக்குமுறைக்கு எதிரே அவர்கள் மனிதர் பக்கம் நின்றதையும் நாம் மறைக்க மாட்டோம்.

அப்பெண்கள் என்ன தைத்தனர்? மேலே ஆண்டிஸ் மலை, அதன்மேல் கதிரவன், கீழே சின்னஞ்சிறு வீடுகள். அழகிய ஊர்க்காட்சி என்றே முதலில் தோன்றும். நெருங்கிப் பாருங்கள். பொதுக்கஞ்சிக் கொப்பரையின் முன்னே வரிசை, பூட்டிய ஆலை, காவல் வண்டி, இழுத்துச் செல்லப்படும் இளைஞன், உணவு மேசையில் ஒரு வெற்று நாற்காலி. எங்கே அவர்கள் என்ற கேள்வி, நூலால் எழுதப்பட்டு நிற்கும். காணாமற்போன மகனின் சட்டையிலிருந்தே வெட்டிய துண்டு, அப்படத்தில் ஒரு சிறு மனிதனின் உடையாகியிருக்கும்.

ஏடுகளைத் தணிக்கை செய்த ஆட்சி, பாடல்களைத் தடுத்த ஆட்சி, பெண்களின் தையலைத் தொடக்கத்தில் பொருட்படுத்தவில்லை. தையல்தானே, பெண் வேலைதானே என்ற இகழ்ச்சி! அந்த இகழ்ச்சியே அவர்களுக்குக் கேடயம் ஆயிற்று. படங்கள் நாடு கடந்தன; வெளிநாட்டார் வாங்கினர்; உண்மை ஊர் சுற்றியது. ஆட்சி பின்னர் விழித்துக்கொண்டு, நாட்டுக்கு எதிரானவை என்று சீறியது. ஆனால் காற்றில் பறந்த விதையைக் கட்டிப் பிடிக்க இயலுமோ? 1988இல் மக்கள் வாக்கெடுப்பில் பினோசே தோற்றார். 1990இல் குடியாட்சி திரும்பியது. 2010இல் சாந்தியாகோவில் திறக்கப்பட்ட நினைவு, மனித உரிமை அருங்காட்சியகத்தில் அச்சாக்குத்துணிகள் சான்றாவணமாக வைக்கப்பட்டுள்ளன. தூரிகை நுழைய முடியாத இடத்தில் ஊசி நுழைந்தது!

“கண்ணீரைத் தைத்துக் காசுக்கு விற்றார்களே, அது சரியா?” என்று கேட்கலாம் ஒருவர். வயிறு நிறைந்தவர் எழுப்பும் ஐயம் அது. கணவனை இழந்தவளுக்கு வேலையும் இல்லை. வேலை தருவாரும் இல்லை. பிள்ளைக்குச் சோறு வேண்டும். கணவனுக்கு நீதி வேண்டும். ஒரே தையலில் இரண்டையும் தேடினாள். வழக்குரைத்துப் பொருள் பெறும் வழக்கறிஞரை நாம் குறை கூறுவதில்லை; எழுதிப் பொருள் பெறும் எழுத்தாளரைக் குறை கூறுவதில்லை. ஏழைப்பெண் தன் உழைப்புக்குக் கூலி பெற்றால் மட்டும் தூய்மை கெட்டுவிடுமா? தூய்மை என்ற பெயரால் கூலியை மறுப்பது பழைய சூழ்ச்சி.

பெயரும் கூலியும்

கூலி என்றதும் ஓர் ஐந்து டாலரின் கதை நினைவுக்கு வருகிறது. ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாய்ப் பிறந்தவர். விவிலியக் கதைகளைத் துணியுருவங்களாக வெட்டித் தைத்து ஒரு போர்வை செய்தார். 1886இல் ஊர்ப் பருத்திச் சந்தையில் அதைக் கண்ட ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார், ஹாரியட் மறுத்தார். 1891இல் குடும்பம் நொடித்தது. பத்து டாலர் கேட்டார், ஐந்துதான் கிடைத்தது. விற்ற பிறகும் தம் போர்வையைக் காண அவ்வீட்டுக்குச் சென்று வந்தார். இன்று அது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாங்கியவர் அவர் பெயரையும், அவர் சொன்ன விளக்கத்தையும் எழுதி வைத்ததால், நாம் அவரை அறிகிறோம். எழுதி வைக்கப்படாத ஹாரியட்டுகள் எத்தனை பேர்!

வங்கத்துக் ‘காந்தா’வை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கந்தை என்னும் சொல்லோடு ஒலியும் பொருளும் ஒத்த சொல் அது. நைந்த சேலைகளை அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் மலரும் யானையும் படகும் மனிதரும் தைத்தனர் வங்கப் பெண்கள். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய காந்தாக்களில் பெரும்பாலானவற்றின் கீழே பெயர் இல்லை. இன்றைய கடைகளில் புதுப்பட்டில் வரும் காந்தாக்களிலும் தைத்தவள் பெயர் பெரும்பாலும் இல்லை. விற்பவன் பெயரே உண்டு. முன்பு வீட்டுக்குத் தைத்தவள், இன்று துண்டுக்கு இவ்வளவு என்னும் கூலிக்குத் தைக்கிறாள்.

ஜீஸ் பெண்டிலும் சிக்கல் தீரவில்லை. 2007இல் அவ்வூர்ப் பெண்கள் சிலர், தங்கள் போர்வைகளின் விற்பனையிலும் அமைப்புகளின் பயன்பாட்டிலும் தமக்குரிய பங்கு வரவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். 2008இல் வழக்குகள் உடன்பாட்டில் முடிந்தன. 2021இல் அவ்வூர்ப் பெண்கள் சிலர் இணையக்கடை அமைத்துத் தாமே நேரடியாக விற்கத் தொடங்கினர். இடையில் நின்ற கை விலகியது. 2024இல் பெரிய கடைக்குழுமம் ஒன்று அவ்வூர் அமைப்புகளைத் தழுவிய பொருள்களை ஆலையில் செய்து நாடெங்கும் விற்றது. அமைப்பைத் தந்த பெண்களுக்கு ஒருமுறைத் தொகை கிடைத்தது. விற்பனைக்கு ஏற்ற பங்கு கிடைக்கவில்லை. சுவரில் தொங்கும்போது கலை. பங்கு கேட்கும்போது மட்டும் மீண்டும் கைவேலை! கோடு அழியவில்லை, தோழர்களே, இடம் மாறியிருக்கிறது.

ஊசி விலங்கா?

நம் அணியிலிருந்தே ஒரு கேள்வி எழலாம். “அடுப்பும் ஊசியும் பெண்ணுக்கு விலங்கு என்று முழங்கியவர் நாம். இன்று ஊசியைப் போற்றுவது பின்னடைவு ஆகாதா?” நேர்மையான கேள்வி. நேராகவே விடை சொல்வோம். விலங்கு ஊசியில் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது. வேறு எதுவும் செய்யாதே, இதை மட்டும் செய் என்று கையில் திணித்தால் ஊசி விலங்கு. இதுவும் செய்வேன், இதற்குரிய பெருமையும் பெறுவேன் என்று எடுத்தால் ஊசி கருவி. பேனாவும் அப்படித்தான். கணக்கெழுத மட்டும் என்று திணித்தால் நுகத்தடி. கருத்தெழுத எடுத்தால் படைக்கலம்.

நம் பள்ளிகளில் ஓவிய ஆசிரியரும் உண்டு, தையல் ஆசிரியரும் உண்டு. ஓவிய வகுப்பில் இருபாலரும் அமர்கின்றனர். தையல் என்றாலோ பெண்பிள்ளைகளை நோக்கியே கண் திரும்புகிறது. பட்டன் அறுந்தால் தைக்கத் தெரியாத மகன், படம் வரைந்தால் பரிசு பெறுகிறான். 1770இல் இலண்டனில் கிழிக்கப்பட்ட கோட்டை நம் வகுப்பறையிலும் நாம் அறியாமலே கிழித்துக்கொண்டிருக்கிறோம். பையன் கையிலும் ஊசி ஏறட்டும். பெண் கையில் தூரிகையும் உளியும் திருப்புளியும் ஏறட்டும். எந்தக் கருவியும் எந்தப் பாலுக்கும் பிறவிச் சொத்து அன்று என்ற எளிய உண்மையைப் பத்து வயதிலேயே கற்றவர்கள், வளர்ந்தபின் கலைக்கும் கைவேலைக்கும் நடுவே மதில் எழுப்ப மாட்டார்கள்.

பழந்துணியில் பிறந்த எப்பொருளைக் கண்டாலும், அருங்காட்சியகச் சுவரிலோ, கண்காட்சிக் கடையிலோ, அண்டை வீட்டுக் கொடியிலோ எங்கே கண்டாலும், மூன்று கேள்விகள் கேட்போம். தைத்தவர் பெயர் என்ன? அவருக்குக் கிடைத்தது எவ்வளவு? மறுமுறை இதைப் படியெடுத்து விற்றால் அவர் ஒப்புதல் கேட்கப்படுமா? இம்மூன்றுக்கும் விடையுள்ள இடத்தில் கலை வாழ்கிறது. விடையில்லாத இடத்தில், எத்துணை விளக்கொளி வீசினாலும், எத்துணைப் புகழ்மாலை சூட்டினாலும், அங்கே நடப்பது பழைய சுரண்டலே.

கந்தல் கலையாவது ஊசியின் திறம். அது அன்றே நிகழ்ந்துவிட்டது. அவள் தைத்த அன்றே அது கலை. காணாதது நம் குற்றம். கலைக்குரியவள் கலைஞர் என்று மதிக்கப்படுவதும், அவள் மகள் கந்தலைத் தேடாமல் தான் விரும்பிய துணியை வாங்கி வெட்டுவதுமே இனி நிகழ வேண்டியவை. அவை ஊசியால் ஆகா, நீதியால் ஆகும். நீதியைத் தைக்கும் பொறுப்போ நம் அனைவருக்கும் உரியது.